குறையுடைய தலைவன்

தமிழில் தோன்றிய முதல் நாவல் பிரதாப முதலியார் சரித்திரம். மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை இயற்றிய இந்நூல் 1879 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதன் கதைத்தலைவனாகிய பிரதாபனைத் தலைவன் என்பதா, இக்காலத் திறனாய்வாளர் கூறும் எதிர்த்தலைவன் என்பதா என்னும் ஐயம் கற்போர்க்கு எழுதல் இயல்பே.

காப்பியத் தலைவன் தனக்கு நிகரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் வகுக்கும் இலக்கணம். பிரதாபனோ செல்வக் குடியிற் பிறந்து, பாட்டியின் செல்லத்தால் கல்வியில் நாட்டமின்றி வளர்ந்தவன். இளமையில் அவன் செய்த பிழைகளுக்கு ஆசிரியர் மகன் கனகசபை அடிபட்டான். பின்னர் விக்கிரமபுரியில் பழுதுற்ற செருப்பைத் தைக்கக் கொடுத்தபோது, கூலி இவ்வளவென்று பேசாமல், தைப்பவனைச் சந்தோஷப்படுத்துவதாக வாக்களித்தான். எது கொடுத்தும் தனக்குச் சந்தோஷமில்லை என்று அவன் வழக்காடவே, பிரதாபன் சிறை புகுந்தான். இத்தகையவன் இறுதியில் இடரெல்லாம் நீங்கி இனிது வாழ்கிறான். தகுதியின்றி நலம் பெற்றவனைத் தலைவன் எனலாமோ என்பர் சிலர்.

குறையுடைமை ஒன்றே ஒருவனை எதிர்த்தலைவன் ஆக்குமெனின், கோவலனும் அப்பெயர்க்கு உரியவனாவான். கண்ணகியைப் பிரிந்து, மாதவிபால் தங்கி, குலப்பொருளை இழந்தவன் அவன். ஆயினும் மதுரையில் அவன் வெட்டுண்டு வீழ்ந்தமையால், இரக்கம் அவன் பிழையை மறைத்துவிட்டது. பிரதாபன் உயிர் பிழைத்து நன்றாக வாழ்ந்தான். அதுவே அவன்மேல் சாட்டப்படும் குற்றம் போலும்! துன்புற்றவனை மன்னிக்கும் நெஞ்சம், இன்புற்றவனை மன்னிக்க மறுப்பது நடுநிலை ஆகாது.

எதிர்த்தலைவன் கதையில் வரும் பகைவன் அல்லன். அவனும் கதையின் நடுவே நிற்பவனே. ஆனால் சான்றோர் போற்றும் பண்புகளை அவன் நாடான். சில வேளைகளில் எள்ளி நகையாடவும் செய்வான். பிரதாபன் எள்ளுவது தன்னையே. கதை முழுவதையும் தன் வாய்மொழியாகக் கூறும் அவன், தன் மடமையைச் சிறிதும் மறைத்திலன். கனகசபை பட்ட அடியையும் உலகுக்கு உரைத்தவன் அவனே அன்றோ?

இனி, அவன் பெற்ற நற்பேற்றையும் சற்று ஆராய்தல் தகும். பட்டத்து யானை மாலையிட்டது அவனுக்கு அன்று. ஆணுடை தரித்து அவனைத் தேடிவந்த மனைவி ஞானாம்பாளுக்கே. அரசு கட்டில் ஏறிய அவள், செருப்புத் தைப்பவனை அழைத்து, தான் முடிசூடியதில் அவனுக்குச் சந்தோஷமா என்று வினவினாள். இல்லையென்று சொல்ல எவன் துணிவான்? சந்தோஷமே என்றான். வாக்கு நிறைவேறியது, வழக்கும் தீர்ந்தது. யானையின் மாலை தற்செயல். தீர்ப்போ ஞானாம்பாளின் மதிநுட்பம்.

ஆதலின் பிரதாபன் எதிர்த்தலைவன் அல்லன். பிறர் தாங்க நடந்த எளிய தலைவன். நூலுக்கு உண்மைத் தலைமை பூண்டவள் ஞானாம்பாளே என வாதிடுவோர் உளராயின், அவர் கூற்றை மறுத்தல் எளிதன்று.