பெரி மேஸனும் நானும்

பகல் முழுவதும் நீதிமன்றத்தில் நின்று களைத்து வீடு திரும்பும் ஒருவனுக்கு, இரவிலும் ஒரு நீதிமன்றத்தையே காட்டுவது என்ன தருமமோ நானறியேன். ஆயினும் எங்கள் வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. என் பேரன் பழைய தொலைக்காட்சித் தொடர்களைக் கணினியில் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு, "அம்மப்பா, வாருங்கள், இன்றைக்கும் ஒரு கொலை வழக்கு" என்று அழைப்பான். நான் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு பிழை பிடிக்கத் தொடங்குவேன். "உங்களோடிருந்து படம் பார்ப்பதும் பரீட்சை எழுதுவதும் ஒன்று" என்பது என் மனைவியின் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

சென்ற வாரம் பெரி மேஸன் வந்தார். 1957 முதல் 1966 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான தொடர் அது. கதாபாத்திரத்தைப் படைத்த ஏர்ள் ஸ்டான்லி கார்ட்னர் தாமே கலிபோர்னியாவில் சட்டத்தொழில் புரிந்தவர். மேஸனாக நடித்த றேமண்ட் பர் எழுந்து நின்றால் நமக்கே ஒரு நடுக்கம் உண்டாகும். அவர் கேட்கும் கடைசிக் கேள்வியில் உண்மையான கொலையாளி நெஞ்சுடைந்து, "ஆம், நானே கொன்றேன்!" என்று கதறுவான். எத்தனையோ ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தும் ஒருவராவது அப்படிக் கதற நான் கண்டதில்லை. மூலைக்குத் தள்ளப்பட்ட சாட்சி சொல்வது ஒன்றே: "ஞாபகமில்லை, ஐயா."

"ஜூரிமார் எங்கே? கொலை வழக்கென்றால் ஜூரி வேண்டாமா?" என்று நான் துள்ளி எழுந்தேன். பின்னரே புரிந்தது, தவறு என்னுடையது. அக்கதைகளிற் பல முழு விளக்கங்கள் அல்ல. எதிரியை மேல் மன்றுக்கு அனுப்பப் போதிய சான்று உண்டா என்று நீதிபதி தனித்திருந்து பார்க்கும் பூர்வாங்க விசாரணைகளே. கார்ட்னர் தொழில் தெரிந்தவர் என்பதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள்.

எனக்கு இரக்கம் பிறப்பதெல்லாம் அரசதரப்பு வழக்கறிஞர் ஹமில்டன் பேகர் மீதுதான். வாரந்தோறும் தோற்று, வாரந்தோறும் அதே மிடுக்கோடு வந்து நிற்கிறார். 1963 இல் வந்த ஒரு கதையில் மேஸனின் கட்சிக்காரிக்கு மரண தண்டனையே விதிக்கப்படுகிறது. பாவம், பேகருக்கு அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. கதை முடியுமுன் மேஸன் அவளை மீட்டுவிடுகிறார்.

என் மனத்துக்கு உவந்தவர் ஆங்கிலேயரான றம்போல். அவரைப் படைத்த ஜோன் மோட்டிமர் லண்டனில் வழக்காடியவர். 1966 இல் அரசியின் வழக்கறிஞராக உயர்ந்தவர். 1975 இல் ஒரு தனி நாடகத்தில் தோன்றிய றம்போல், பின்னர் 1978 முதல் 1992 வரை தொடராக வந்தார். லியோ மெக்கேண் என்னும் நடிகர் அவராகவே மாறியிருந்தார். சாம்பல் சிந்திய அங்கி, மலிவான சிவப்பு வைன், வீட்டில் அஞ்சி நடக்க வேண்டிய மனைவி, களவையே குலத்தொழிலாகக் கொண்ட ரிம்சன் குடும்பம். அந்தச் சில்லறைத் திருடர்களால்தான் அவர் அடுப்பு எரிகிறது. அவர் தோற்கும் நாளும் உண்டு. அப்போது கட்சிக்காரர் மறியலுக்குப் போகிறார். றம்போல் மதுச்சாலைக்குப் போகிறார். இதைப் பார்க்கையில்தான் என் வாய் அடைத்துவிடுகிறது.

"அம்மப்பா, நீங்கள் மேஸனைப் போல ஒரு கேள்வியாவது கேட்டதில்லையா?" என்றான் பேரன்.

கேட்டேன். 1977 ஆம் ஆண்டளவில், தொழிலுக்கு வந்த புதிதில். தொலைக்காட்சி அப்போது இந்நாட்டுக்கு வரவில்லை. கார்ட்னரின் நாவல்களை நூல்நிலையத்திலிருந்து எடுத்து வந்து இரவிரவாக வாசித்த காலம். என் கட்சிக்காரர் ஓர் ஏழைத் தோட்டக்காரர். ஆட்டுத் திருட்டு வழக்கு. பார்த்ததாகச் சொன்னவர் வேலிக்கு அடுத்த வீட்டுக்காரர். நிலவு உண்டா? இல்லை. விளக்கு? இல்லை. முகம் தெரிந்ததா? தெரியவில்லை.

அவ்விடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். "கிடைத்ததும் உட்கார்" என்று என் சிரேட்ட சட்டத்தரணி நூறு முறை சொல்லியிருந்தார். ஆனால் மேஸன் உட்காரமாட்டாரே! அங்கியை இழுத்துவிட்டு, மன்று முழுவதையும் ஒருமுறை பார்த்து, "அப்படியானால் அது இவர்தான் என்பது உமக்கு எப்படித் தெரியும்?" என்று முழங்கினேன்.

"இருமல், ஐயா. இருபது வருடமாக வேலிக்கு இந்தப் பக்கத்தில் படுத்துக் கேட்கிற இருமல்."

மன்று நிசப்தமாயிற்று. சுருட்டுப் பழக்கமுள்ள என் கட்சிக்காரர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கூண்டிலிருந்து இருமினார்.

நீதவான் முதலாய் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்ல இன்றும் நாணமாயிருக்கிறது. அவருக்கு மூன்று மாதச் சிறை. வீட்டில் மனைவியும் நான்கு பிள்ளைகளும். அந்தக் கேள்வியை நான் கேளாதிருந்தால் அன்று மாலையே அவர் தம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்திருப்பார் என்பதே என் எண்ணம்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, ஒரு கட்டு முருங்கைக்காயோடு என் வாசலில் வந்து நின்றார். மெலிந்திருந்தார். எனக்குப் பேச்சு எழவில்லை. அவரே பேசினார்.

"தம்பி, நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். அவன் சொன்ன பதில்தான் பிழைத்துப் போச்சு."