கணிப்பொறிக்கும் ஒரு நாட்குறிப்பு வேண்டும்

செய்முறை வகுப்பில் உங்கள் ஆசிரியர் ஒரு விதியை வற்புறுத்துவார். ஊசலின் அலைவு நேரத்தையோ வெர்னியர் அளவையோ தவறாகக் குறித்துவிட்டால், அதை ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, சரியான அளவீட்டைப் பக்கத்தில் எழுத வேண்டும். "அடித்தல் திருத்தலோடு இருந்தால் நோட்டு அழகாக இராதே, சார்?" என்று கேட்காத மாணவர் இல்லை. என்ன நடந்தது என்பது பிற்பாடு தெரிய வேண்டும். நோட்டின் அழகு அதற்குப் பிறகுதான். இந்தச் சிறிய விதியின் அருமையை நான் முழுதும் உணர்ந்தது ஆய்வகத்தில் அன்று, ஒரு கணிப்பொறியின் முன்னால்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய கல்லூரியில், எங்கள் துறைக்கென்று ஒரு கோப்புச் சர்வர் இருந்தது. கோப்புச் சர்வர் என்பது பொது அலமாரியைப் போன்றது. கோப்புகளையெல்லாம் ஒரு கணிப்பொறியின் வட்டில் வைத்துவிட்டால், அதனோடு கம்பியால் இணைக்கப்பட்ட மற்றக் கணிப்பொறிகளிலிருந்து அவற்றைப் படிக்கலாம், எழுதலாம், அழிக்கவும் செய்யலாம். ஒருநாள் காலை, அக மதிப்பெண் கோப்பு அந்த அலமாரியில் இல்லை. முந்தைய நாள் மாலை ஆய்வகத்தில் கடைசியாக இருந்தவன் ஓர் இறுதியாண்டு மாணவன். ஐயம் அவன்மேல் விழுந்தது. துறையில் எல்லோரும் ஒரே பயனர் பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பயன்படுத்தி வந்தோம். யார், எப்போது, எந்தக் கோப்பைத் தொட்டார் என்ற பதிவு எதுவும் இல்லை. அவன்தான் அழித்தான் என்று எங்களால் காட்ட முடியவில்லை. அழிக்கவில்லை என்று அவனாலும் காட்ட முடியவில்லை. மதிப்பெண்களைத் தாள்களிலிருந்து மறுபடி தொகுத்துவிட்டோம். அவன் ஆசிரியர்களின் பார்வையைத் தவிர்த்துக்கொண்டே அந்த ஆண்டை முடித்துச் சென்றான். அதை எதனாலும் ஈடுசெய்ய முடியவில்லை.

கணிப்பொறியில் நடப்பவற்றை அது தானே வரிசையாக எழுதி வைப்பதை நிகழ்ச்சிப் பதிவு என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு 'லாக்' என்று பெயர். மரக்கட்டைக்கும் அதே சொல்தான்! பாய்மரக் கப்பல்களில், முடிச்சுகள் இட்ட கயிற்றில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்திற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்து ஓடின என்று எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணிப்பார்கள். அந்த அளவை எழுதிய ஏடு 'லாக் புக்' ஆயிற்று. இன்றும் கப்பலின் வேகத்தை 'நாட்' என்று, அதாவது முடிச்சுகளில்தான் சொல்கிறோம்.

இத்தகைய பதிவு எவ்வளவு தொலைவு அழைத்துச் செல்லும் என்பதற்கு ஓர் உண்மை வரலாறு உண்டு. 1986-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணிப்பொறிப் பிரிவில் கிளிஃபோர்டு ஸ்டால் என்ற வானியலார் வேலைக்குச் சேர்ந்தார். கணிப்பொறியைப் பயன்படுத்திய நேரத்திற்கு அங்கே கணக்கு எழுதிப் பணம் பெறுவது வழக்கம். அந்தக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. தேடிப் பார்த்ததில், முறையாகப் பதிவாகாத ஒரு பயனர் உள்ளே நுழைந்திருப்பது தெரிந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்குப் பாடம். வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தினார். வந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் அச்சாகியது. கணிப்பொறிக்குள் எழுதி வைக்கும் பதிவை, உள்ளே முழு அதிகாரம் பெற்றவர் பார்த்துவிடலாம், திருத்தியும் விடலாம். வெளியே தாளில் விழுந்த எழுத்தை அவரால் தொடமுடியாது. அந்தத் தாள்களையும் தம் நாட்குறிப்பையும் வைத்துக்கொண்டு ஸ்டால் பல மாதங்கள் தடம் பற்றினார். அது ஜெர்மனியின் ஹானோவர் நகரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. அமெரிக்க இராணுவக் கணிப்பொறிகளைத் துழாவி, கிடைத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கும்பலைச் சேர்ந்தவர் அவர். 1990-இல் நீதிமன்றம் குற்றத்தை உறுதி செய்தது. 75 சென்ட் கணக்கை யாரும் எழுதி வைக்காமல் இருந்திருந்தால்?

நல்ல பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம். கோப்புச் சர்வருக்குப் பல கல்லூரிகளில் பயன்படும் இலவச மென்பொருள் சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கியது அது. அதில் 'ஃபுல் ஆடிட்' என்ற ஒரு பகுதி உண்டு. அதை இயக்கினால், யார், எந்தக் கணிப்பொறியிலிருந்து, எந்தக் கோப்பை, என்ன செய்தார், அது பலித்ததா இல்லையா என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி எழுதும். விண்டோஸ் சர்வரில் இதை இரண்டு இடங்களில் சொல்லவேண்டும். கோப்புச் செயல்களைப் பதிவுசெய் என்று கணிப்பொறிக்கு ஒருமுறை. யாருடைய எந்தச் செயல்களை என்று குறிப்பிட்ட ஃபோல்டருக்கு ஒருமுறை. இரண்டில் ஒன்றை மறந்தாலும் ஏடு வெறுமையாகவே இருக்கும்.

முதலாவதாக, ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால், 'துறை அழித்தது' என்றுதான் ஏடு சொல்லும்! இரண்டாவதாக, கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒரு கணிப்பொறி ஏழு நிமிடம் பிந்தியிருந்தால், எது முன், எது பின் என்ற கேள்விக்கே விடை மாறிவிடும். வலையமைப்பு வழியாகக் கடிகாரங்களைச் சரிசெய்ய டேவிட் மில்ஸ் 1980களில் உருவாக்கிய 'என்.டி.பி.' முறை இருக்கிறது. இந்திய நேரத்தைக் காத்து வருவது புதுடில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம்.

மூன்றாவதாக, எல்லாவற்றையும் எழுதும்படி சொல்லக் கூடாது. ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே பல வரிகள் விழும். அழித்தல், பெயர் மாற்றுதல், எழுதுதல், அனுமதி மறுக்கப்பட்ட முயற்சி ஆகியவற்றை மட்டும் பதிந்தால் போதும். இல்லாவிட்டால் வைக்கோற்போரில் ஊசி தேடும் கதைதான். நான்காவதாக, ஸ்டால் செய்ததுபோல, பதிவு வேறிடத்தில் இருக்க வேண்டும். 'சிஸ்லாக்' என்னும் முறை, ஒவ்வொரு வரியையும் எழுதிய உடனே வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பிவிடும். அதையும் பெர்க்லியில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், எரிக் ஆல்மன் 1980களில் உருவாக்கினார். கடைசியாக, யாராவது அதைப் படிக்க வேண்டும்!

அந்த மாணவன் சென்றபின் நாங்கள் இவையனைத்தையும் செய்தோம். அடுத்த ஆண்டே ஒரு ஃபோல்டர் காணாமற்போயிற்று. மறுபடியும் சிலர் மாணவர்கள் பக்கம் திரும்பினர். பதிவேட்டைத் திறந்தோம். 'ரீநேம்' என்ற சொல், ஃபோல்டரின் பழைய இடம், புதிய இடம், காலை 11.42 மணி, எல்லாம் ஒரே வரியில் இருந்தன. பயனர் பெயர் என்னுடையது! சுட்டியை இழுத்தபோது, அந்த ஃபோல்டரைப் பக்கத்து ஃபோல்டருக்குள் நானே தள்ளியிருக்கிறேன். எடுத்து முன்னிடத்தில் வைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. முந்தைய ஆண்டும் இப்படித்தான் நடந்ததோ என்ற கேள்வி அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை. அதற்கு விடை இனிக் கிடைக்காது. நேற்று எழுதாத பதிவை இன்று எழுத முடியாதன்றோ?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "இது வேவு பார்ப்பது ஆகாதா? நம்பிக்கை இல்லாத இடத்தில் கல்வி எப்படி நடக்கும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே பதிவுக்கும் வரம்பு வேண்டும். பதிவு இருக்கிறது என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோப்பைத் தொட்டதை எழுதலாம். உள்ளே யார் என்ன எழுதினார்கள் என்று துருவக் கூடாது. ஏட்டைத் திறப்போர் இருவராவது இருக்க வேண்டும். அவர்களுடைய செயல்களும் பதிவாக வேண்டும். குறித்த காலம் கடந்ததும் அதை அழித்துவிட வேண்டும். நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியக் கணிப்பொறி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. பள்ளியும் அதுபோல் ஒரு கால அளவை வகுத்துக்கொள்ளலாம்.

இந்த வரம்புகளோடு நடக்கும் பதிவு, குற்றவாளியைப் பிடிப்பதைவிடக் குற்றமற்றவரைக் காக்கவே மிகுதியும் உதவும் என்பது என் துணிபு. பதிவு இல்லாத இடத்தில் ஐயம் சும்மா இருப்பதில்லை. எளியவர் மேல்தான் போய் விழும். பெரும்பாலும் அவர் மாணவராகவோ கடைநிலை ஊழியராகவோ இருப்பார்.

உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையிலும் ஒரு பொதுக் கடவுச்சொல் சுவரில் ஒட்டப்பட்டிருக்கலாம். ஆளுக்கொரு பயனர் பெயர் தரும்படி உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் இருந்தால், பதிவு இயங்குகிறதா என்று கேளுங்கள். கோப்பு எதுவும் காணாமற்போவதற்கு முன்பே கேளுங்கள்.