சும்மா இருந்தவனை வெல்வது ஆய்வாகுமா?

பன்னிரண்டு வாரப் பயிற்சி. ஒரு சோதனைக் குழு. எதுவும் செய்யாத ஒரு கட்டுப்பாட்டுக் குழு. இறுதியில் 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்'. சிற்றணிக் கால்பந்தாட்டங்களின் உடல், உள விளைவுகள் குறித்து இந்திய உடற்கல்வித் துறைகளில் எழுதப்படும் ஆய்வேடுகள் பலவற்றின் அச்சு இதுவே.

மூவருக்கு மூவர், நால்வருக்கு நால்வர் எனச் சிறு களத்தில் நாள்தோறும் ஆடியவர்கள், ஆடாதவர்களைவிடத் தேறுவார்கள். இதை நிறுவ முனைவர் பட்டம் எதற்கு? கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதே நேரம் வேறு முறையில் பயின்றவர்களைவிட இவர்கள் மேம்பட்டார்களா? 2006இல் இம்பெல்லிஸ்ஸேரி குழுவினர் இளம் வீரர்களிடம் இதைத்தான் சோதித்தனர். பந்தின்றி இடைவெளி ஓட்டம் ஓடியவர்களும் சிற்றணி ஆட்டம் ஆடியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினர். சிறு களத்தில் உச்ச வேக ஓட்டத்துக்கு இடமில்லை என்ற குறையும் உண்டு. அதையும் அளக்க வேண்டாமா?

உள விளைவுகளின் நிலை இன்னும் மோசம். பயிற்சியளிப்பவரே ஆய்வாளர், வினாத்தாளை நீட்டுபவரும் அவரே. தம்மீது மூன்று மாதம் கவனம் செலுத்தியவரிடம் மாணவர் 'பதற்றம் குறைந்தது' என்று எழுதினால், அது ஆட்டத்தின் பயனா, கவனிப்பின் பயனா? கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அக்கவனிப்பே கிட்டாதபோது விடை காண வழியில்லை.

வசதியில்லை என்பது வழக்கமான மறுமொழி. ஒப்பீட்டுக்கு ஓட்டக் குழு ஒன்றை அமைக்க ஊதுகுழலும் கடிகாரமும் போதும். களத்தின் நீள அகலம், ஆட்களின் எண்ணிக்கை, பயிற்றுநரின் ஊக்கக் குரல் ஆகியவை உடற்சுமையை மாற்றும் என்பதை 2007இலேயே ராம்பினினி குழுவினர் காட்டிவிட்டனர். இவற்றைப் பதிவு செய்யாத ஆய்வேட்டை எந்தப் பயிற்றுநர் பின்பற்ற முடியும்?

திருவனந்தபுரத்தில் இக்கேள்வி கூடுதல் கூர்மை பெறுகிறது. காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இயங்குகிறது. மாவட்டத்தின் தென்கோடியில், சந்தோஷ் கோப்பை வீரர்களைத் தந்த பொழியூரில், பிள்ளைகள் கடற்கரை மணலிலேயே ஆடி வளர்கிறார்கள். புழுக்கத்தில் ஒரே வேலைக்கு இதயத்துடிப்பு ஏறும். மணலில் கால்களின் சுமை கூடும். ஐரோப்பியப் புல்தரையில் வகுத்த இதயத்துடிப்பு இலக்குகள் இங்கு அப்படியே பொருந்துமா? இந்த மண்ணில் கேட்கத்தக்க கேள்வி இது.

விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை நம்பி ஓடும் இளைஞருக்குப் பன்னிரண்டு வாரம் பெரும் முதலீடு. அதை வாங்கிக்கொள்ளும் ஆய்வு, ஒப்பிடத்தக்க பயிற்சிக் குழு இல்லாமல் நெறியாளரின் கையொப்பத்தைப் பெறக் கூடாது. வேறுபாடு இல்லை என்று முடியும் ஆய்வேட்டுக்கும் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகங்கள் துணிய வேண்டும்.