வண்டு கூறும் குமரி வரலாறு

இனயம் கடற்கரையில் நின்று தெற்கு நோக்கும் மாணவர்க்குக் குமரிக்கண்டம் நினைவுக்கு வராமற் போகாது. தமிழாசிரியர்களாகிய நாம் அதனை நிறுவப்பெற்ற உண்மைபோல் வகுப்பில் உரைத்து வருகிறோம். யானும் பல்லாண்டு உரைத்தவனே.

இலெமூரியா என்னும் பெயர் நம் இலக்கியத்திற் பிறந்ததன்று. மடகாஸ்கரின் இலெமூர்க்கும் நம் தேவாங்குக்கும் உள்ள உறவை விளக்குதற்கு 1864-இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் வைத்த கருதுகோள் அது. நிலப்பலகைகள் நகர்வது தெளிவானபின் அறிவியலார் அதனைக் கைவிட்டனர். மடகாஸ்கரினின்றும் இந்தியா பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகட்கு முன்னர்.

டெரோக்ரேனியா என்றொரு வண்டு வகை உண்டு. எறும்பனைய மெலிந்த உடல், மரங்களில் ஓடி இரை பிடிக்கும், பறக்க இயலாது. அதன் வாழிடம் இலங்கையும் தென்னிந்தியாவுமே. பறவாத வண்டு கடலை எங்ஙனம் கடந்தது? பனியூழியிற் கடல்மட்டம் இன்றையினும் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. சேதுத் திட்டுகளின் மேலுள்ள நீரோ சில மீட்டர் ஆழமே. இடையே நிலமும் காடும் தொடர்ந்த காலங்களில் அது ஊர்ந்தே வந்திருத்தல் கூடும். பின்னர் நீர் ஏறிற்று. இருபுறத்தும் ஒதுங்கியவை தனித்தனி இனங்களாக வேறுபட வழி பிறந்தது.

அந்நீர் ஏற்றத்தில் குமரிக்குத் தெற்கே, நம் மீனவர் தூண்டிலிடும் ஆழங்குறைந்த திட்டுகளும் மூழ்கின. கடல்கோளை ஆராய்வோர் அத்திட்டுகளிலிருந்து தொடங்குவாராக. கண்டம் தேட வேண்டா. என் பாடக்குறிப்பில் அப்பகுதியை அடித்துவிட்டேன். மாணவர் சிலர்க்கு வருத்தமே. ஒருவர் மட்டும், அவ்வண்டினை எம்மலையிற் காணலாம் என்று வினவினார்.