நிலத்துக்கு மதிப்புச் சொல்ல நம் வீட்டுப் பெண் வரக்கூடாதா?



சிவில் என்ஜினீயரிங் படித்த பெண்களுக்கு நம் ஊரில் குறைச்சலே இல்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர். ஒருத்தி சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். இன்னொருத்தி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மூன்றாவது பெண் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். எந்த வேலையையும் நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால், கடனை உடனை வாங்கி நாலு வருஷம் படிக்க வைத்த படிப்பு பரண் மேல் கிடக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

கேட்டால், "வெயிலில் கொத்தனார், சித்தாளோடு நிற்கணும். பொம்பளைப் பிள்ளைக்குச் சரிப்படாது" என்கிறார்கள். அந்தச் சித்தாள் யாராம்? அவளும் பெண்தானே! வெயிலில் கல் சுமக்கலாம், படித்துவிட்டு மேற்பார்வை பார்க்கக் கூடாதா?

சரி, கட்டட வேலையே வேண்டாம் என்று வைத்துக்கொள்வோம். சிவில் படித்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சொத்து மதிப்பீட்டாளர் வேலை. 'வேல்யுவர்' என்பார்கள். வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், டேப்பும் கையுமாக ஒருவர் வந்து இடத்தை அளந்து பார்ப்பாரே, அவர்தான். என் நாத்தனார் மகள் இந்தத் துறையில் இருக்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

வேலை என்ன என்று பார்ப்போம். முதலில் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையும் நேரில் இருக்கிற எல்லையும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும். பாதை எத்தனை அடி, தண்ணீர் வசதி எப்படி, மழை பெய்தால் தேங்குமா, அக்கம் பக்கத்தில் சமீபத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரிக்க வேண்டும். வீடு இருந்தால் எத்தனை வருஷம் ஆனது, சுவரில் விரிசல் உண்டா, மாடி ஒழுகுகிறதா என்று பார்த்துத் தேய்மானம் கழிக்க வேண்டும்.

கணக்கு எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 3 சென்ட் இடம், அதில் 800 சதுர அடியில் 20 வருஷத்து வீடு. அங்கே சென்ட் 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால் நிலம் 12 லட்சம். அதே வீட்டை இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 16 லட்சம் ஆகும். வீட்டின் ஆயுள் 60 வருஷம், ஆயுள் முடிந்த பிறகும் பழைய சாமானாகப் பத்தில் ஒரு பங்கு தேறும் என்று வைத்தால், 20 வருஷத்துக்கு 30 சதவீதம் தேய்மானம். அதாவது 4 லட்சத்து 80 ஆயிரம். அது போக வீட்டின் மதிப்பு 11 லட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 23 லட்சத்து 20 ஆயிரம். மளிகைக் கணக்கை மனசிலேயே போடுகிற நமக்கு இது புரியாதா என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகல் நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்கள்தான். முன்பின் தெரியாத ஆண் வந்து படுக்கையறை வரைக்கும் அளந்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். ஒரு பெண் வந்தால் தயங்காமல் உள்ளே அழைத்துப் போய், எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது என்பது வரை காட்டுவோம்.

இதற்கு என்ன படிக்க வேண்டும்? கம்பெனி சட்டத்தின்படி 2017-ல் இதற்கென்று விதிகள் வந்தன. நிலம், கட்டடம் பிரிவில் பதிவு பெற சிவில் என்ஜினீயரிங், ஆர்க்கிடெக்சர், நகரமைப்பு இவற்றில் ஒரு பட்டம் வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் துறையில் 5 வருஷ அனுபவம் வேண்டும். மேல்படிப்பு முடித்தவர்களுக்கு 3 வருஷம். மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து 50 மணி நேரப் பயிற்சி எடுத்து, ஐ.பி.பி.ஐ. என்கிற மத்திய அரசின் திவால் வாரியம் நடத்தும் தேர்வை கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். 60 சதவீதம் வாங்கினால் பாஸ். கம்பெனிகளின் சொத்துக்கும், திவால் விவகாரங்களுக்கும் மதிப்புப் போட இந்தப் பதிவு தேவை. வங்கிகள் தனியாகத் தங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. அதில் சேரவும் படிப்பு, அனுபவம் இரண்டையும் பார்க்கிறார்கள். என்னைப் போல பள்ளிக்கூடத்தோடு நின்றவர்களால் இதற்குப் போக முடியாது. நம் பெண்களால் முடியும்.

இங்கேதான் சங்கடம். 22 வயதில் பட்டம் வாங்குகிறாள். 5 வருஷ அனுபவம் என்றால் 27 ஆகிறது. நாமோ 23-லேயே ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுகிறோம். கல்யாணம், ஊர் மாற்றம், பிள்ளைப்பேறு என்று அந்த 5 வருஷம் போய்விடுகிறது. அப்புறம் 'என் பெண் பி.ஈ.' என்று சொல்லிக்கொள்ளத்தான் அந்தப் படிப்பு உதவும்.

கல்யாணமே செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் நாத்தனார் மகள் படித்து முடித்ததும் ஒரு என்ஜினீயரிடம் பிளான் போடவும், எஸ்டிமேட் தயாரிக்கவும் சேர்ந்தாள். மூன்றாவது வருஷம் கல்யாணம் ஆனது. மாமியார் வீட்டில் முன்கூட்டியே பேசி, புகுந்த ஊரிலும் அதே மாதிரி வேலையில் சேர்ந்து மீதி வருஷத்தை முடித்தாள். "அத்தை, பரீட்சைகூட கஷ்டமில்லை. 5 வருஷத்தை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் கஷ்டம்" என்றாள். சீர் செனத்தி பேசுகிறபோது இதையும் சேர்த்துப் பேசினால் என்ன குறைந்துவிடும்?

இதில் சம்பாத்தியத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்தது. பங்கு உண்டு, சரி. அந்தப் பங்கின் மதிப்பு எவ்வளவு என்று சொல்வது யார்? அண்ணன் தம்பிகளும் புரோக்கரும்தானே! என் பெரியம்மா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். "அரசாங்க வழிகாட்டி மதிப்புப்படி உன் பங்கு இவ்வளவுதான்" என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆறே மாசத்தில் அந்த இடம் மூன்று மடங்கு விலைக்குப் போனது. வழிகாட்டி மதிப்பு என்பது பத்திரப்பதிவில் முத்திரைத் தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் மதிப்பு. சந்தை விலை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். இதைச் சொல்ல அவள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நம் குடும்பத்துக்கு ஒரு பெண் இந்தத் தொழிலில் இருந்தால், நாலு பெண்களுக்காவது கையெழுத்துப் போடும் முன்னே விவரம் தெரியும்.

தொழிலில் கஷ்டம் இல்லாமல் இல்லை. மாசச் சம்பளம் கிடையாது, வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம்தான். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வரும். "கொஞ்சம் கூட்டிப் போடும்மா, லோன் அதிகம் வரும்" என்று தெரிந்தவர்களே வந்து நிற்பார்கள். அதற்கு இணங்கினால் பேரும் போகும், பதிவும் போகும். தட்டிச் சொல்கிற துணிச்சலை வீட்டில்தான் நாம் ஊட்ட வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, சிவில் படித்த பெண் உங்கள் வீட்டில் இருந்தால், வரன் பார்க்கும் முன் அவளை உட்கார வைத்து, "அந்த 5 வருஷத்தில் எத்தனை முடிந்தது?" என்று கேளுங்கள். மருமகளாக வந்தவள் என்றால் மாமியார்மார்கள் கேளுங்கள். பாக்கி வருஷத்தை முடிக்க, குழந்தையைப் பகலில் நாம் பார்த்துக்கொண்டால் போதும்.

நான் சொல்வது சரிதானே தோழிகளே?

– ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.