தோசை மாஸ்டரின் கூலி

1955இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கிய கிரைண்டர், ஆட்டுக்கல்லின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்து மாவாட்டியவர்களின் தோள்வலியைத் தீர்த்தது. அவர்களின் வேலையையும் எடுத்துக்கொண்டது. புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருவி குறித்துக் கொங்கு மண்டலம் பெருமைப்படுவது நியாயமே. மாவாட்டியவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று நாம் கேட்கவில்லை.

இப்போது தோசை மாஸ்டரின் முறை. தானாகத் தோசை வார்க்கும் எந்திரமும் சப்பாத்தி தேய்க்கும் எந்திரமும் மாசாணியம்மன் பக்தர்கள் பசியாறும் ஆனைமலை வரை வரக்கூடியவைதான். வரட்டும். அடுப்பனலில் நாளெல்லாம் நிற்பது யாருக்கும் விதிக்கப்பட்டதல்ல. ஆனால் குளிர்நாளில் மாவு புளிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை மோந்தே சொல்பவரைப் பொத்தான் அழுத்தும் ஆளாக்கி, அதைக் காட்டியே கூலியைக் குறைப்பது அநியாயம். மாவுப் பக்குவம் தவறினால் எந்திரமும் நல்ல தோசை தராது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று 2021இல் சட்டத்தைத் திருத்திய மாநிலம் இது. எந்திரம் நிறுவும் உணவகம் அதை இயக்கும் பயிற்சியைப் பழைய மாஸ்டருக்கே முதலில் தர வேண்டும், சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்ற விதியையும் தொழிலாளர் துறை உடனே கொண்டுவர வேண்டும்.