பட்டாவுக்குத்தான் பணம், பருத்திக்கு இல்ல

போன வாரம் ஊருக்குப் போற பஸ்ல பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர். பனமலை கோயில் ஓவியம் பாக்க வந்தவராம். பேச்சுவாக்குல, "உங்க மாவட்டத்துக்காரங்கதானே அந்தக் கிசான் பணத்தை ஏப்பம் விட்டது? மானியம் குடுத்துக் குடுத்தே விவசாயியைக் கெடுத்துட்டாங்க சார்"னார். ராஜசிம்ம பல்லவன் கட்டின கோயிலப் பாத்தமா, சுவத்துல இருக்குற பார்வதியப் பாத்தமான்னு போகலாம்ல... அப்ப வாயில வராத பதிலை இங்க எழுதித் தொலைக்கிறேன்.

2020ல நடந்தது உண்மைதான். கொரோனா நேரத்துல பிஎம் கிசானுக்கு விவசாயியே பதிஞ்சுக்கலாம்னு வாசலைத் திறந்துவிட்டாங்க. துறையோட பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் சென்டர் வரைக்கும் போச்சு. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர்னு 13 மாவட்டத்துல தகுதியே இல்லாத 5.5 லட்சம் பேர் கணக்குல 110 கோடி ஏறிடுச்சுன்னு அரசே சொல்லுச்சு. தற்காலிக ஊழியர்கள் 80 பேருக்கு வேலை போச்சு, சிபிசிஐடி வந்துச்சு. இதுல விவசாயி எங்கங்க வந்தான்? நிலமே இல்லாதவன் பேர்ல ஏஜெண்டு அடிச்ச கொள்ளைக்கு நாங்க திருடனாம்!

எங்க சித்தப்பா கதையைக் கேளுங்க. ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போடுறார். எங்க பக்கம் நெல்லு, கரும்பு, மல்லாட்டைதான் அதிகம். தண்ணி பத்தாத நிலத்துல பருத்தி. விதை, மருந்து கூட சமாளிச்சுடலாம். பஞ்சு எடுக்குற கூலிதான் ஆளைக் கொல்லும். ஒரே தடவையில வெடிக்காது, திரும்பத் திரும்ப ஆள் விடணும். பட்டா சென்னையில இருக்குறவர் பேர்ல. வருஷம் 6000 ரூபாய் மூணு தவணையா அவருக்குப் போகுது. சித்தப்பாவுக்கு அஞ்சு பைசா கிடையாது. இதுல திருட்டே இல்ல, எல்லாம் சட்டப்படிதான்!

சரி, ஆதார விலை இருக்கேன்னு கேப்பீங்க. 2025-26க்கு நீண்ட இழைப் பருத்தி குவிண்டால் 8110 ரூபாய். இந்தியப் பருத்திக் கழகம் வாங்கும். ஆனா செல்போன் செயலியில பதியணும், ஆதாரோட நில ஆவணமும் கேக்கும். திரும்ப அதே பட்டா! ஈரப்பதம் 12 சதவீதம் தாண்டினா அதுவும் இல்ல. குத்தகைக்காரன் வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுட்டு வரவேண்டியதுதான்.

அந்த விலையையாவது விட்டாங்களா? 2025 ஆகஸ்ட்ல பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை எடுத்தாங்க. முதல்ல செப்டம்பர் வரைக்கும்னாங்க, அப்புறம் டிசம்பர் 31 வரைக்கும் இழுத்தாங்க. மில்லுக்குக் கஷ்டம், ஒத்துக்கறேன். திருப்பூர்ல வேலை பாக்குறதும் எங்க ஊர்ப் பசங்கதான். ஆனா அந்தக் கஷ்டத்தைப் பருத்தி எடுக்குற சமயத்துலயா விவசாயி தலையில வைக்கணும்? குவிண்டாலுக்கு ஆயிரம் குறைஞ்சா, எட்டு குவிண்டால் விளையுற ஏக்கருக்கு எட்டாயிரம் போச்சு. வருஷத்துக்கே குடுக்குறது ஆறாயிரம்!

இறக்குமதியாகுற பஞ்சுல அமெரிக்கப் பஞ்சும் உண்டு. அங்க விலை விழுந்தா அரசாங்கம் தாங்கிப் பிடிக்கும். அதை எதிர்த்து பிரேசில் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் ஜெயிச்சுது. 2014ல 30 கோடி டாலர் குடுத்துதான் அமெரிக்கா சமாதானம் ஆச்சு. மானியம் வாங்கிக் கெட்டுப்போனவன்னா அந்தப் பெரியவர் அங்கல்ல போய்ச் சொல்லணும் :-)

உழுறவன் யாருன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. பயிர்க் காப்பீட்டுக்குக் குத்தகைக்காரரையும் சேத்துக்கலாம்னு விதியே இருக்கு. குத்தகைக்காரர் பேரைப் பதியறதுக்கு 1969லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. பதிஞ்சா நிலத்தைப் பிடுங்கிடுவாங்களோன்னு இவருக்குப் பயம், நிலமே போயிடுமோன்னு பட்டாக்காரருக்குப் பயம். ரெண்டு பேர் பயத்தையும் தீக்குறது அரசாங்கத்தோட வேலையா, சித்தப்பாவோட வேலையா? விஏஓ வயலுக்கு வந்து அடங்கல் எழுதும்போது பயிர் வெச்சவர் பேரையும் சேத்து எழுதட்டும். பணமும் கொள்முதலும் அந்தப் பேருக்குப் போகட்டும்.

சித்தப்பா அடுத்த பட்டத்துக்கு மல்லாட்டை போடப்போறாராம். குத்தகைப் பணத்தை மட்டும் இப்பவே கேக்குறாங்களாம்.